எந்த ‘சரி’யைச் சொல்றே, தங்கச்சி?

எங்க அம்மா ஊரூர் குப்பத்து மணல்ல மீனைக் கூறு போட்டுட்டு உட்கார்ந்தா, விலை பேசி முடிச்சு “சரி”ன்னு சொல்லிட்டு நடக்கிற யாருக்காகவும் ஒரு கூறையும் எடுத்து வைக்க மாட்டாங்க. “எந்த சரிம்மா? வாங்கிக்கிறேன்னு சரியா, போய்ட்டு வரேன்னு சரியா?”ன்னு முகத்தைப் பார்த்துக் கேட்டுடுவாங்க. அதுல கோபம் இருக்காது. சங்கரா மீன் மேல வெயில் ஏறுதே, இன்னும் போணி ஆகலயேங்கிற கவலைதான். பெசன்ட் நகர்லருந்து வர்றவங்க சிலர் சிரிச்சுக்கிட்டே பர்ஸைத் திறப்பாங்க. சிலர் “சும்மா விலை கேட்டேன்மா”ன்னு உள்ளதைச் சொல்லிடுவாங்க. ரெண்டுல எது வந்தாலும் அம்மாவுக்கு நல்லது. அடுத்த ஆளைக் கூப்பிடலாம்.

அந்தக் கேள்வியோட அருமை எனக்கு 40 வயசுக்கு மேலதான் புரிஞ்சுது. முன்னாடியே புரிஞ்சிருந்தா 11 மாசத் தவணைப் பணம் என் கையைவிட்டுப் போயிருக்காது. அந்தக் கதை கீழே வருது. உனக்கு அந்த நஷ்டம் வரக் கூடாதுன்னுதான் இந்தக் குறிப்புகளை எழுதுறேன்.

முதல்ல வார்த்தையைக் கொஞ்சம் கவனி

ஒரே நாள்ல நம்ம வீட்டுல ‘சரி’ என்னென்ன வேலை செய்யுதுன்னு பாரு. கணக்கு நோட்டுல டீச்சர் போடுற சரிக்கு, தப்பில்லன்னு அர்த்தம். சரிபாதின்னா சமம். ‘சரியான வெயில்’னா கடுமையான வெயில். ‘சரி, கிளம்புறேன்’னா பேச்சு முடிஞ்சுது. ‘சரி விடு’ன்னா மன்னிச்சாச்சு, இல்லன்னா அலுத்துப் போச்சு. ‘சரி சரி’ன்னு ரெண்டு தடவை வந்தா, நீ சொன்னது போதும். ‘அவரைச் சரிக்கட்டிட்டேன்’னா அது வேற விவகாரம். போன்ல அத்தை அரை மணி நேரம் பேசுறப்போ நாம நடுநடுவுல சொல்ற ‘சரி’, காதுல விழுதுங்கிற தகவல் மட்டும்தான். இத்தனை சரிக்கும் நடுவுலதான் ‘நான் ஒத்துக்கிறேன்’ங்கிற சரியும் இருக்கு. தெலுங்குல ‘சரே’, கன்னடத்துல ‘சரி’, மலையாளத்துல ‘ஶெரி’ன்னு தென்னாட்டு மொழி நாலுலயும் இந்த வார்த்தை ஓடுது.

இன்னொரு ‘சரி’யும் இருக்கு. தராசுத் தட்டு ரெண்டும் ஒரே மட்டத்துல நின்னா அது சரி. அலை அரிச்ச மணல் மேட்டுல கால் வெச்சா அது சரியும். ஒலி ஒண்ணுதான். நிக்கிறதுக்கும் அதுதான், வழுக்குறதுக்கும் அதுதான்.

மத்த வார்த்தைகளும் இப்படித்தான். ஒப்பு, ஒப்புதல், ஒப்பந்தம் எல்லாம் கனமான சொற்கள். கையெழுத்தைக் கையொப்பம்னு சொல்றோம். இலங்கைத் தமிழர்கள் ஒப்பம்னே சொல்றாங்க. ஆனா அதே ஒப்புதான் ‘ஒப்புக்குப் போய்ட்டு வந்தேன்’ங்கிறதுலயும் வருது. மனசில்லாம, பேருக்குச் செஞ்சதுன்னு பொருள். ‘சும்மா ஒரு கையெழுத்து போடுக்கா’ன்னு யாராவது சொன்னா, ஒப்பம் போடச் சொல்றாங்களா, ஒப்புக்குப் போடச் சொல்றாங்களான்னு நீ பிரிச்சுப் பார்க்கணும். தாள்ல ஏறினா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை இசைவு. அரசாங்கத் தாள்கள்ல சம்மதத்துக்கு இதையும் எழுதுவாங்க. அதோட அர்த்தம் எனக்குப் புரிஞ்சது ஒரு விழாவுல. 2015-ல ஊரூர் ஒல்காட் குப்பம் விழா முதல் தடவையா நடந்துச்சு. அதைத் தொடங்கினவங்கள்ல பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலுக்காகப் போராடுற நித்தியானந்த் ஜெயராமனும் முக்கியமானவங்க. சபாவுல நடக்கிற கச்சேரியும் பரதநாட்டியமும் எல்லை அம்மன் கோவில் பக்கம், எங்க வாசலுக்கே வந்துச்சு. பாடுறவங்க பாட்டை எடுக்கறதுக்கு முன்னாடி சுருதி சேர்க்கறதை நான் அங்கே பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். தம்பூரா ஒரு சுருதியில, குரல் ஒரு சுருதியில போனா அது இசையா ஆகாது. நீ மனசுல நெனச்சதும் அவங்க தாள்ல எழுதினதும் ஒரே சுருதியில நின்னாத்தான் இசைவு. இசை, இசைவுன்னு ரெண்டையும் ஒரே வேர்ல வெச்சிருக்கிற மொழி நம்மளது.

அப்பாவோட போட்டு

அப்பா ஃபைபர் போட்டுல கடலுக்குப் போவார். மோட்டார் சத்தத்துல ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குக் கேக்காது. “கயித்தை விடு”ன்னு அவர் கத்தினா “விட்டேன்”னு பதில் வரணும். “சரி”ன்னு பதில் வந்தா திட்டு விழும். “கேட்டுதுன்னு சொல்றியா, விட்டுட்டேன்னு சொல்றியா, விடப்போறேன்னு சொல்றியா?” கயிறு கையைச் சுத்திட்டா விரல் போய்டும்ங்கிறதால அந்தக் கண்டிப்பு.

நான் உனக்குச் சொல்ல வர்றதுல பாதி இதுலயே முடிஞ்சுது. ‘சரி’க்குப் பின்னாடி எதுக்குச் சரிங்கிறதையும் சேர்த்துச் சொல்லு. “சரி, ஞாயித்துக்கிழமை ஒரு நாள் மட்டும் உங்க வீட்டு வேலைக்கு வரேன்.” “சரி, 500 ரூபாய் தரேன், மாசக் கடைசியில திருப்பிக் கொடுத்துடணும்.” சொல்றப்போ கொஞ்சம் கூச்சமா இருக்கும். நாலு தடவை சொல்லிப் பாரு, பழகிடும். அவங்க வேற எதையாவது நெனச்சிருந்தா அங்கேயே வாயைத் திறப்பாங்க. பின்னால மனஸ்தாபம் வர்றதைவிட அது எவ்வளவோ மேல்.

இது குப்பத்து அறிவு மட்டும்னு நெனச்சுக்காதே. 1872-ல வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தோட 13-ஆம் பிரிவு இதையேதான் சொல்லுது. ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்துல ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் அது சம்மதம். மிரட்டியோ, செல்வாக்கை வெச்சு அழுத்தியோ, ஏமாத்தியோ, தப்பான தகவல் கொடுத்தோ வாங்கினா அது சுதந்திரமான சம்மதம் ஆகாதுன்னு அடுத்த பிரிவு சொல்லுது. அம்மா சட்டம் படிச்சதில்ல. மீன் வித்தே 13-ஆம் பிரிவுக்கு வந்து சேர்ந்துட்டாங்க.

கடன் தாள்ல வைக்கிற சரி

இப்போ என் கதை. எங்க தெருவுல ஒருத்தி தொழிலுக்குக் கடன் வாங்கினா. “சும்மா சாட்சிக் கையெழுத்துக்கா”ன்னு கடன் கொடுக்கிறவங்களோட ஆள் பேனாவை நீட்டினார். பக்கத்துல அவ நிக்கிறா, எனக்குப் பழக்கமானவ. சரின்னு போட்டேன். நான் போட்டது சாட்சிக் கையெழுத்து இல்ல, ஜாமீன் கையெழுத்து. அவ வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமப் போச்சு, தவணை நின்னுது. 11 மாசம் நான் கட்டினேன். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. அந்தத் தாளைப் படிக்காம விட்டது நான்தான்.

சாட்சிக்கும் ஜாமீனுக்கும் உள்ள வித்தியாசத்தை நல்லா மனசுல பதிய வெச்சுக்கோ. சாட்சின்னா, இவங்க கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன். அவ்வளவுதான். ஜாமீன்னா, அவங்க கட்டலன்னா நான் கட்டுறேன். அதே ஒப்பந்தச் சட்டத்தோட 128-ஆம் பிரிவு, கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்புன்னு சொல்லுது. முதல்ல அவங்ககிட்ட கேட்டுட்டு அப்புறம் வாங்கன்னு நீ சொல்ல முடியாது. நேரா உன் கதவைத் தட்டலாம். குழுக் கடன்லயும் பெரும்பாலும் ஒருத்தருக்கொருத்தர் பொறுப்புன்னு எழுதியிருக்கும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி “நான் இதுல யார், சாட்சியா ஜாமீனா?”ன்னு கேளு. பதிலை நம்பினா மட்டும் போதாது, அந்த இடத்துல என்ன எழுதியிருக்குன்னு படி. கைநாட்டு வெச்சாலும் கையெழுத்து மாதிரியேதான் அது உன்னைக் கட்டும்.

நுண்கடன் வாங்கியிருந்தா உனக்குச் சில உரிமைகள் இருக்கு. ரிசர்வ் வங்கியோட விதிகள் 2022 ஏப்ரல் 1-லருந்து நடைமுறையில இருக்கு. உனக்குப் புரியிற மொழியில லோன் கார்டு தரணும். வட்டியும் கட்டணமும் எவ்வளவுன்னு எளிமையா ஒரு தாள்ல எழுதிக் கொடுக்கணும். வீட்டோட மாச வருமானத்துல பாதிக்கு மேல கடன் தவணைக்கே போற மாதிரி கடன் தரக் கூடாது. முன்கூட்டியே கட்டி முடிச்சா அபராதம் கிடையாது. வசூலுக்குக் காலையில 9 மணிக்கு முன்னாடியோ சாயங்காலம் 6 மணிக்குப் பின்னாடியோ கூப்பிடக் கூடாது. கடனோட சேர்த்து வேற எதையும் உன்னோட முழுச் சம்மதம் இல்லாம தலையில கட்டக் கூடாது.

தமிழ்ல இருந்தாலும் எழுத்து பொடிசா இருந்து படிக்க முடியலன்னா, வீட்டுப் பிள்ளைங்களை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லு. இதுல வெக்கமே வேண்டாம். எங்க பக்கத்துக் குப்பத்துக்குப் பேர் தந்த கர்னல் ஒல்காட், ஒடுக்கப்பட்ட பிள்ளைங்களுக்காக 1894-ல ஒரு இலவசப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அது இன்னிக்கும் ஒல்காட் நினைவுப் பள்ளியா பெசன்ட் நகர்ல நடக்குது. படிக்கிற பிள்ளைங்களுக்கு நம்ம வீடுகள்ல பஞ்சமில்ல. கணக்குப் பாடத்துல வட்டி படிக்கிற பிள்ளையே உன் தவணையைக் கணக்குப் போட்டுச் சொல்லிடும்.

ஆஸ்பத்திரியில

பதற்றத்துல இருக்கிறப்போதான் நிறையத் தாளை நீட்டுவாங்க. அது அவங்க வேலை முறை, தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா இதைத் தெரிஞ்சுக்கோ. டெல்லியில ஒரு பெண், மாதவிடாய்த் தொந்தரவுன்னு 1995-ல ஒரு மருத்துவர்கிட்ட போனாங்க. என்ன கோளாறுன்னு லேப்ராஸ்கோப்பியில பார்க்கத்தான் சம்மதம் கொடுத்திருந்தாங்க. மயக்க மருந்துல இருந்தப்போ, வெளியில நின்ன அம்மாகிட்ட கேட்டுட்டுக் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துட்டாங்க. உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில தீர்ப்புச் சொன்னது. சோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குச் செல்லாது. உயிருக்கு ஆபத்துன்னு அவசரம் இல்லாதப்போ, வயசு வந்த, நினைவு திரும்பினா தானே முடிவு சொல்லக்கூடிய ஒரு பெண்ணுக்காக அவங்க அம்மா சொன்ன சரியும் செல்லாது.

பெத்த அம்மா சொன்னதே செல்லாதுன்னா, புருஷனோ மாமியாரோ உனக்குப் பதிலா சொல்லிட முடியுமா? மருத்துவர் பேசுறப்போ நீயும் அந்த இடத்துல இரு. மூணு கேள்வி கேளு. என்ன செய்யப் போறீங்க? செய்யலன்னா என்ன ஆகும்? வேற வழி உண்டா? தமிழ்ல சொல்லச் சொல்லு. அவங்க சொன்னதை உன் வாயால ஒரு தடவை திருப்பிச் சொல்லு: “அப்போ நாளைக்குச் சோதனை மட்டும்தான், எடுக்கிறதைப் பத்தி அப்புறம் பேசுவோம், இல்லையா டாக்டர்?” அப்பா போட்டுல கேட்ட “விட்டேன்” மாதிரிதான் இதுவும்.

வருகைப் பதிவும் சம்மதமும்

இது நம்ம மாதிரி கடலோரத்துல இருக்கிறவங்களுக்கு. 2004 சுனாமிக்கு அப்புறம் எங்க தெருவுக்கு எத்தனையோ பேர் நோட்டோட வந்தாங்க. கணக்கெடுப்பு, நிவாரணம், வீடுன்னு ஆளுக்கொரு காரணம். அம்மா எத்தனை தாள்ல கைநாட்டு வெச்சாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. உதவி பண்ண வந்தவங்கதான் நிறையப் பேர், அதுல எனக்குச் சந்தேகமில்ல. இருந்தாலும் எதுக்கு வெச்சோம்னு தெரியாத கைநாட்டு ஒரு பாரம்தான். பின்னாடி, கலங்கரை விளக்கத்துப் பக்கத்துலருந்து கடற்கரையோரமா உயர்மட்டச் சாலை வரப் போகுதுன்னு பேச்சு வந்தப்போ, வழியில இருக்கிற குப்பத்து ஜனங்க வேண்டாம்னு நின்னாங்க. கூட்டத்துல பேசுறது எவ்வளவு முக்கியம்னு அப்போதான் நான் கத்துக்கிட்டேன்.

பெரிய திட்டங்களுக்குப் பொது மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துறதுக்கு 2006-ல வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில விதி இருக்கு. குறைஞ்சது 30 நாளைக்கு முன்னாடி அறிவிப்பு வரணும். திட்டத்தோட சுருக்கம் உள்ளூர் மொழியிலயும் கிடைக்கணும். கூட்டத்துல கையெழுத்து வாங்குவாங்க. அது நீ வந்தேங்கிறதுக்கு அடையாளம், சரின்னு சொன்னேங்கிறதுக்கு இல்ல. ஆனா தலைப்பு என்னன்னு பார்த்துட்டுப் போடு. வருகைப் பதிவுன்னு எழுதியிருந்தா போடு. மேல வெத்துத்தாளா இருந்தா போடாதே. உன் பேருக்குப் பக்கத்துல “வருகை மட்டும்”னு நீயே எழுதலாம், யாரும் தடுக்க முடியாது.

கூட்டம் முடிஞ்சதும் நிறையப் பேர் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுந்துடுவாங்க. எழுந்துடாதே. யார் என்ன சொன்னாங்கங்கிற சுருக்கத்தைக் கடைசியில எல்லார் முன்னாடியும் தமிழ்ல விளக்கிப் படிச்சுக் காட்டணும்னு அதே விதி சொல்லுது. நீ வேணாம்னு சொன்னது அதுல இருக்கான்னு காது கொடுத்துக் கேளு. விட்டுப் போயிருந்தா அங்கேயே எழுந்து சொல்லு. கூட்டத்துல பேசக் கூச்சமா இருந்தா எழுதியும் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்தா நகலை உன்கிட்ட வெச்சுக்கோ.

கல்யாணப் பேச்சு

பெண் பார்க்க வந்தவங்க முன்னாடி குனிஞ்சு நின்னா மௌனம் சம்மதம்னு நம்ம பெரியவங்க எடுத்துப்பாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்ல. பயமும் மௌனம்தான். காலையிலருந்து சாப்பிடலன்னாலும் மௌனம்தான். வெற்றிலை பாக்கு மாத்திப் பரிசம் போடுறது ரெண்டு குடும்பத்தோட சரி. உன் சரி தனியா வரணும், வாயைத் திறந்து வரணும்.

இதுல தமிழ்நாடு ஒரு பெரிய காரியம் செஞ்சிருக்கு. 1967-ல அண்ணா முதலமைச்சரா இருந்தப்போ இந்து திருமணச் சட்டத்துல 7-ஏ பிரிவைச் சேர்த்தாங்க. சுயமரியாதைத் திருமணங்களுக்கு அதுலதான் சட்ட அங்கீகாரம் வந்தது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில, ரெண்டு பேருக்கும் புரியிற மொழியில, இவரைக் கணவரா ஏத்துக்கிறேன், இவளை மனைவியா ஏத்துக்கிறேன்னு அறிவிச்சாலே கல்யாணம் செல்லும். மாலை மாத்தினாலும், மோதிரம் மாத்தினாலும், தாலி கட்டினாலும் செல்லும். எனக்கு அதுல நெஞ்சைத் தொட்டது ‘புரியிற மொழியில’ங்கிறதுதான். லோன் கார்டுலயும் அதுதான், கருத்துக் கேட்புக் கூட்டத்துலயும் அதுதான். என்ன சொல்றாங்கன்னு புரியாதப்போ உன் வாயிலருந்து வந்த சரி, சம்மதமே இல்ல.

உன்னை யாராவது பெண் பார்க்க வந்தா, அவங்க போன பிறகு அம்மாவைத் தனியாக் கூப்பிட்டு ஒரு முழு வாக்கியம் சொல்லு. “எனக்குப் பிடிச்சிருக்கு”, “எனக்குப் பிடிக்கல”, “இன்னொரு தடவை அவர்கிட்ட பேசணும்”. மூணுல எதுவா இருந்தாலும் தப்பில்ல. சட்டப்படி கல்யாணத்துக்கே உனக்கு 18 வயசு ஆகியிருக்கணும்.

இன்னும் கொஞ்சம், சுருக்கமா

போன்ல யாராவது லோன், பாலிசின்னு பேசினா ‘ம்’ கொட்டாதே. கதைக்கு உம் கொட்டுறது நல்ல பழக்கம், விற்பனைப் பேச்சுக்கு அது ஆபத்து. ‘வேணாம்’னு சொல்லிட்டு வெச்சுடு. ஆயுள் காப்பீட்டுப் பாலிசியோ மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியோ தெரியாம எடுத்துட்டா, பாலிசி தாள் கைக்கு வந்த நாள்லருந்து 30 நாளைக்குள்ள வேண்டாம்னு திருப்பிக் கொடுக்கலாம். சொன்ன சரியைத் திரும்ப வாங்குற வழிகள்ல அது ஒண்ணு.

தலையாட்டுறதைக் குறை. நம்ம தலையாட்டல்ல ஆமாவும் இருக்கு, இல்லையும் இருக்கு, பார்க்கலாமும் இருக்கு.

‘முடியாது’ன்னு முகத்துக்கு நேரா சொல்ல வரலன்னா, தமிழ்லயே மெதுவான வார்த்தைகள் இருக்கு. ‘எனக்குச் சரிப்படாதுங்க.’ ‘வீட்டுல படிச்சுட்டு நாளைக்குத் தரேன்.’ இந்த ரெண்டாவதை நான் இப்போ எல்லாருக்கும் சொல்றேன். நியாயமான தாளை நாளைக்கும் கொண்டுவருவாங்க. இன்னிக்கே போட்டாகணும்னு பிடிவாதம் பிடிச்சா அந்தத் தாளை நான் தொடுறதில்ல.

பிள்ளைங்ககிட்டயும் இதைப் பழக்கு. மாமா கொஞ்சுறார்னு சிணுங்குற குழந்தையை “சரின்னு சொல்லு, முத்தம் கொடு”ன்னு தள்ளாதே. அது வேணாம்னா வேணாம்தான்.

இன்னிக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் வீட்டுல இருக்கிற லோன் கார்டை வெளியில எடு, தங்கச்சி. எந்த மொழியில இருக்குன்னு பாரு. தமிழ்ல இல்லன்னா, அடுத்த தவணை கட்டப் போறப்போ தமிழ்ல ஒண்ணு கேட்டு வாங்கு.